விதை ‘சக்தி இழந்ததால்’ குலை நோய் வந்ததா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் சம்பா சாகுபடி செய்கிறேன். பி.பி.டி. 5204 ரகம், நான்கு ஆண்டுகளாக வீட்டு விதைதான். இதுவரை பெரிதாக நோய் இல்லை. இந்த மார்கழியில் கதிர்க் கழுத்து கறுத்து, பாதி வயல் பதராகிவிட்டது. “பழைய விதை எதிர்ப்புச் சக்தியை இழந்துவிட்டது. மூன்று எதிர்ப்பு ஜீன்கள் ஏற்றிய மேம்படுத்திய மசூரி இருக்கிறது” என்கிறார் விதை வியாபாரி. விலை ஏறக்குறைய இரு மடங்கு. வாங்கலாமா ஐயா?

பதில்: நீங்கள் சொல்லும் கழுத்துக் கறுப்பு, ஒரு பூசணத்தால் வரும் குலை நோய். அதற்குப் பயந்து வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள்.

உங்கள் விதை எதையும் இழக்கவில்லை. இழப்பதற்கு அதனிடம் ஒன்றும் இருக்கவில்லை. பி.பி.டி. 5204 தொடக்கத்திலிருந்தே குலை நோய்க்கு எளிதில் இரையாகும் ரகம். அரிசி சன்னம், ஆலையில் நல்ல விலை. அதனால்தான் நோய் வரும் என்று தெரிந்தும் டெல்டா முழுவதும் நடுகிறோம். முந்தைய ஆண்டுகளில் உங்களைக் காப்பாற்றியது வானிலை. இரவில் குளிர், காலையில் வெகுநேரம் இலையில் நிற்கும் பனி, பகலில் மேகமூட்டம், போதாக்குறைக்குக் கூடுதல் யூரியா: இவை கதிர் வெளிவரும் வாரத்தில் ஒன்றுசேர்ந்தால் இந்தப் பூசணத்துக்கு வேறெதுவும் தேவையில்லை. தஞ்சை டெல்டாவுக்கு இது புதிதும் அல்ல. 1919லேயே இங்கு இந்நோய் பெரும் அழிவைச் செய்திருக்கிறது.

இனி அந்த மூன்று ஜீன்கள். வியாபாரி பொய் சொல்லவில்லை, பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. சம்பா மசூரி என்பது உங்கள் பி.பி.டி. 5204தான். மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி ஹைதராபாத் விஞ்ஞானிகள் உருவாக்கி 2008ல் வெளிவந்த தரமான ரகம். அதில் எக்ஸ்.ஏ. 21, எக்ஸ்.ஏ. 13, எக்ஸ்.ஏ. 5 என்ற மூன்று எதிர்ப்பு ஜீன்கள் இருப்பதும் மெய். ஆனால் மூன்றுமே பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கானவை. குலை நோய் பூசணத்தால் வருவது. அந்த மூன்றும் இதைத் தடுக்காது. ‘எதிர்ப்பு ஜீன்’ என்று யார் சொன்னாலும், “எந்த நோய்க்கு?” என்று கேளுங்கள். வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தைக்கூட ‘எல்லாம் தாங்கும்’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதில் சேர்த்த ஜீன் நீரில் மூழ்கினால் தாங்குவதற்கானது. நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.

குலை நோய்க்கென்றே பி 9, பி 54, பி டி.ஏ. என ஏராளமான ஜீன்கள் கண்டறியப்பட்டுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு முகத்தை அடையாளம் தெரிந்த காவல்காரனைப் போன்றவை. பூசணம் வெளியிடும் குறிப்பிட்ட புரதத்தைக் கண்டதும் செடி விழித்துக்கொண்டு தடுக்கும். பூசணம் அந்தப் புரதத்தை மாற்றிக்கொண்டாலோ விட்டுவிட்டாலோ, ஜீன் செடியில் அப்படியே இருக்கும், பயன் இருக்காது. ‘எதிர்ப்பு உடைந்தது’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மாறியது பூசணம், விதை அல்ல. கொரியாவில் தோங்கில் என்ற ரகம் நாடெங்கும் பரவியபின் 1970களின் இறுதியில் இப்படித்தான் குலை நோயிடம் வீழ்ந்தது.

எனவே வீட்டு விதை வைத்தால் எதிர்ப்பு தேய்ந்துபோகும் என்பது தவறு. நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். கலப்பில்லாமல் பார்த்துக்கொண்டால் தாயில் உள்ளது பிள்ளையிலும் இருக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏமாறுபவர்கள் அங்கேதான் அதிகம். கோ.ஆர்.எச். 3, கோ.ஆர்.எச். 4 போன்ற, இரு ரகங்களைக் கலந்து உருவாக்கும் வீரிய ஒட்டு நெல்லில் விதை எடுத்து வைக்கவே கூடாது. தாய், தந்தை ரகங்களில் ஒன்றில் மட்டும் எதிர்ப்பு ஜீன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளும் அதைப் பெற்றிருக்கும். அறுத்து மறுபடி விதைத்தால் ஜீன் பிரிந்துவிடும்: நூறு நாற்றில் ஏறத்தாழ 25 நாற்றுகளில் அது அறவே இருக்காது. உயரமும் கதிர் வரும் நாளும்கூடக் கலைந்துபோகும். இரு பெற்றோரிடமும் அதே ஜீன் இருந்தால் எதிர்ப்பு மட்டும் நிலைக்கும், மற்றவை கலையும். ‘ஒட்டு நெல் வீட்டு விதை’ என்று மலிவாகக் கொடுத்தால் தொடாதீர்கள். உங்கள் பி.பி.டி. ஒட்டு ரகம் அல்ல, கவலை வேண்டாம்.

பையில் நீல அட்டை இருக்கிறதே என்பார்கள். சான்று விதையின் நீல அட்டை இனத்தூய்மைக்கும் முளைப்புத் திறனுக்கும்தான் பொறுப்பு. நோய் எதிர்ப்பைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது.

ரகக் குறிப்பேடுகளில் ‘மிதமான எதிர்ப்புத் திறன்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். எங்கே சோதித்தது, எந்தப் பூசண இனத்துக்கு எதிராக? இதை அறிய ஒரு வழி இல்லாமலா? நம் கோயம்புத்தூரில் உருவான கோ 39, குலை நோயை எதிர்க்கவே தெரியாத ரகம் என்று உலக ஆய்வுக்கூடங்களில் பெயர் பெற்றது. அதில் ஒவ்வொரு எதிர்ப்பு ஜீனாக ஏற்றிய தனித்தனி நெல் வகைகளைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி வைத்திருக்கிறது. அவற்றைத் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் ஆண்டுதோறும் நட்டால் எந்த ஜீன் இங்கே நிற்கிறது, எது விழுகிறது என்று கண்ணாலேயே தெரியும். அந்த விவரம் தாலுகாவாரியாக விவசாயி கைக்கு வந்து சேர வேண்டும். வருவதில்லை. வெற்றிடத்தை வியாபாரி நிரப்புகிறார்.

அடுத்த சம்பாவுக்கு: நோய் கண்ட வயலிலிருந்து விதை எடுக்காதீர்கள், பூசணம் விதையிலும் வைக்கோலிலும் தங்கும். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியைக் கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுங்கள். பனி இறங்கும் வாரத்தில் மேலுரத்தை ஒத்திப்போடுங்கள். சன்ன அரிசிதான் வேண்டுமென்றால் டி.கே.எம். 13 ரகத்தை முதலில் ஒரு பகுதியில் மட்டும் நட்டுப் பாருங்கள். பி.பி.டி.யே நடுவதானால், கதிர் தலைகாட்டும் நேரத்தில் வேளாண்மை அலுவலர் பரிந்துரைக்கும் மருந்தை அடியுங்கள். இலையில் புள்ளி இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள், இலை சுத்தமாக இருந்தும் கழுத்தில் தாக்கும். கழுத்து கறுத்தபின் எந்த மருந்தும் அந்தக் கதிரில் பாலேற்றாது. அப்போது மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்லும் கடைக்காரரிடம் பணம் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.