அமெரிக்காவில் மணமாகாமலே அரசு நிலம் எடுத்துக் குடியேறிய ஒரு மூதாட்டியைப் பழைய ஆவணங்களில் எப்படித் தேடுவது?

திருமணம் செய்துகொள்ளாமல் தனியாளாக டகோட்டாவில் ஹோம்ஸ்டெட் நிலம் (குடியிருந்து பயிர் செய்பவருக்கு அரசு வழங்கிய நிலம்) எடுத்ததாகக் குடும்பத்தில் சொல்லப்படும் ஒரு பெண்மணியை, அவர் வழியில் வாரிசு எவரும் இல்லாத நிலையில், எந்த ஆவணங்களைக் கொண்டு தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல அந்தக் குடும்பத்துக்குள் மணமாகி வந்தவராகவோ, அங்கே பெண் கொடுத்தவராகவோ இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள் இத்தகைய அத்தைமார்களைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. நான் தொழில்முறை வம்சாவளி ஆய்வாளர் இல்லை. என் கணவரின் கொள்ளுப்பாட்டனாருடைய தங்கை ஒருவரை மட்டுமே தேடியவள், அதுவும் வட டகோட்டாவில் மட்டும். மற்ற மாநிலங்களில் நடைமுறை வேறு என்று திருத்த விரும்புவோர் தாராளமாகத் திருத்தலாம்.

மணமாகாதவருக்குத் தடயம் இருக்காது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து ஆவணங்களில் காணாமல் போனவர்கள் மணமான பெண்கள்தாம். 1862-ஆம் ஆண்டு மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், இருபத்தொரு வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் வரை நிலம் கோரலாம் என்றது. இதில் மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் ஆணுக்குச் சமமாக விண்ணப்பிக்க முடிந்தது, கணவனோடு வாழும் பெண்ணுக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. குடியுரிமையிலும் இதே கதைதான். வெளிநாட்டில் பிறந்த மனைவி, 1922 வரை கணவனின் குடியுரிமையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்பதால் அவர் பெயரில் தனித்தாள் ஏதும் இராது. தனித்திருந்த பெண்ணோ, குடியுரிமை பெறும் எண்ணத்தை நீதிமன்றத்தில் தாமே அறிவித்து, தம் பெயரிலேயே தாள் பெற்றாக வேண்டும். அது இல்லாமல் நில அலுவலகம் விண்ணப்பத்தை ஏற்காது. ஆகவே உங்கள் மூதாட்டியின் தமக்கைகளைவிட அவரைக் கண்டுபிடிப்பதே எளிதாக இருக்கக்கூடும்.

நான் தேடிய எங்கள் அத்தைப்பாட்டி 1903-இல் வட டகோட்டாவின் மைனாட் நகர நில அலுவலகத்தில் பதிந்து நிலம் எடுத்தவர். இணையத்தில் குடும்ப மரம் வளர்க்கும் தளம் ஒன்றில் அவருக்குக் கணவரும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். அதே பெயருடைய வேறொரு பெண்ணின் குடும்பத்தை எவரோ ஒருவர் இவர்மீது ஒட்டிவைக்க, அதை ஆளாளுக்கு நகலெடுத்திருக்கிறார்கள். திருத்தச் சொல்லி எழுதினால், 'இத்தனை மரங்களில் இருப்பது தவறாக இருக்குமா' என்று பதில் வருகிறது. ஒரு பெண் தனியாக வாழ்ந்து முடித்தார் என்பதை ஏற்க மனமில்லாமல் ஒரு கணவரைத் தேடிக் கொடுத்துவிடும் இந்தப் பரோபகாரிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். என் பிறந்த வீட்டிலும் உறவினர் ஒருவர் அச்சிட்ட குடும்ப மலரில், கடைசிவரை மணம் செய்துகொள்ளாமல் ஆசிரியையாக இருந்து தம்பிமார்களைப் படிக்கவைத்த என் அத்தையின் பெயர் இல்லை. கேட்டதற்கு, வாரிசு உள்ளவர்களை மட்டும் சேர்த்தோம் என்றார்கள். இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். தொடக்கப் புள்ளி பட்டா. நம் ஊரில் பட்டா என்றால் என்னவோ ஏறக்குறைய அதுதான் அங்கே அரசு வழங்கிய பேட்டன்ட். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் பெயரையும் மாநிலத்தையும் கொடுத்தால் பட்டாவின் படமே இலவசமாகக் கிடைக்கும். அதில் நிலம் எங்கே என்று காட்டும் அளவைக் கட்டங்களான டவுன்ஷிப், ரேஞ்சு, செக்‌ஷன் எண்கள் இருக்கும்; ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதில் கால் பங்கு 160. அந்த எண்களை வைத்து அதே செக்‌ஷனிலும் பக்கத்துச் செக்‌ஷன்களிலும் பட்டா பெற்றவர்களையும் பார்த்துவிடுங்கள். எங்கள் அத்தைப்பாட்டியின் கிழக்கு எல்லையில் அவருடைய அண்ணன் இருந்தார். இவர்தான் அவர் என்ற முதல் உறுதி அப்படித்தான் கிடைத்தது.

பட்டாவோடு நின்றுவிடுபவர்கள் பலர். உண்மையான புதையல், வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் வைத்திருக்கும் நிலக் கோப்பு. ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்ததை நிரூபிக்க விண்ணப்பதாரரும் இரண்டு சாட்சிகளும் அளித்த வாக்குமூலங்கள், செய்தித்தாளில் வெளியிட்ட அறிவிப்பின் நறுக்கு, குடியுரிமைத் தாளின் நகல் எல்லாம் அதில் இருக்கும். வீடு எப்போது கட்டினீர், குடும்பத்தில் யார் யார், நிலத்தைவிட்டு எப்போதெல்லாம் வெளியே இருந்தீர், ஏன் என்று அச்சிட்ட கேள்விகளுக்குக் கையெழுத்தில் பதில்கள் இருக்கும். அத்தைப்பாட்டியின் கோப்பில், பன்னிரண்டுக்குப் பதினான்கு அடியில் பலகை வீடு, வெளிச்சுவரில் தார்க் காகிதம், ஒரு சன்னல், ஒரு கிணறு, ஒரு கோழிக்கூண்டு என்று வரிசையாக மதிப்புப் போட்டு எழுதியிருந்தது. குடும்பத்தில் யார் என்ற இடத்தில் 'நான் மட்டும்' என்றிருந்தது. குளிர்காலங்களில் வெளியே இருந்ததற்குக் காரணம், பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து விதைக்கும் உழவுக்கும் பணம் சேர்த்தது. அவர் உழவில்லை, அண்ணன்தான் உழுதார், இவர் பெயரை மட்டும் கொடுத்தார் என்று குடும்பத்தில் இன்றும் சொல்லும் சிலருக்கு அந்தப் பக்கத்தைத்தான் அனுப்பிவைத்தேன். உழவுக்குக் கூலி கொடுத்த கணக்கு அதில் இருக்கிறது.

பட்டா தளத்தில் பெயர் இல்லையென்றால் அவர் நிலமே எடுக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே இருப்பவர்கள் பட்டா பெறும்வரை தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே. பாதியில் விட்டுக்கொடுத்தவர்களும் ரத்தானவர்களும் டிராக்ட் புக் எனப்படும் நிலப் பேரேடுகளில் இருக்கிறார்கள். அவை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் பட வடிவில் உள்ளன. ஆனால் நிலத்தின் இருப்பிட வரிசையில் அமைந்தவை என்பதால், அண்ணன் தம்பி எவரேனும் எந்த டவுன்ஷிப்பில் இருந்தார் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

அதன்பின் கௌண்டிப் பதிவாளர் அலுவலகம் (கௌண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போல). இங்கே ஒரு சிக்கல்: கௌண்டிகள் பிரிந்துகொண்டே இருந்தன. எங்கள் நிலம் இன்று மௌன்ட்ரெய்ல் கௌண்டியில் இருக்கிறது, அதன் தலைநகர் ஸ்டான்லி. ஆனால் அந்தக் கௌண்டி 1909-இல்தான் வார்டு கௌண்டியிலிருந்து பிரிந்தது என்பதால் முந்தைய தாள்களை வார்டின் தலைநகரான மைனாட்டில் கேட்க வேண்டியிருந்தது. அடமானப் பத்திரங்களை அவசியம் பாருங்கள். பட்டா வந்த கையோடு அதை அடகு வைத்துப் பணம் எடுப்பது அன்று வழக்கம், பத்திரத்தில் 'மணமாகாத பெண்' என்றே எழுதுவார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவர் தனியாகத்தான் இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

உங்கள் மூதாட்டி நார்வேக்காரராக இருந்தால் பெயரில் தடுமாறுவீர்கள். ஓலேயின் மகள் நார்வேயில் ஓல்ஸ்டாட்டர், அமெரிக்கா வந்ததும் ஓல்சன், அல்லது ஊரில் குடியிருந்த பண்ணையின் பெயர். தகப்பன் பெயரை முதலெழுத்தாகப் போட்டுக்கொண்டு, அமெரிக்க விசாப் படிவத்தில் குடும்பப் பெயர் எது என்று விழித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நார்வேயின் ஆவணக் காப்பகம் தேவாலயப் பதிவேடுகளை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது.

அந்த நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று பின்னூட்டத்தில் கேட்க இருப்பவர்களுக்கு: நியாயமான கேள்வி. அதே மௌன்ட்ரெய்லின் ஒரு பகுதி, பூர்வகுடிகளான மாண்டன், ஹிடாட்சா, அரிகரா மக்களின் ஃபோர்ட் பெர்தோல்டு ஒதுக்கீட்டு நிலம். அதன் வடகிழக்குப் பகுதியை 1910-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. உங்கள் மூதாட்டியின் பட்டா அதற்குப் பிந்தியதென்றால் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்; எதுவாக இருந்தாலும் குடும்பக் குறிப்பில் மறைக்காமல் எழுதுங்கள்.

கடைசியாக, அவர் இறந்த கௌண்டியின் நீதிமன்றத்தில் சொத்துப் பங்கீட்டுக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். உயில் எழுதாமல் இறந்த மணமாகாத பெண்ணின் சொத்து உடன்பிறந்தாருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் போகும் என்பதால், அத்தனை பேரின் பெயர், முகவரியோடு பட்டியல் போட வேண்டியிருந்தது. பிள்ளை குட்டிகளை விட்டுச் சென்ற அவர் அண்ணனின் கோப்பில் ஐந்து பெயர்கள். இவருடையதில் மணமாகிப் பெயர் மாறிப்போன தமக்கைகள், வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவுக்கும் போனவர்கள், நார்வேயிலேயே தங்கிவிட்ட ஒரு தம்பி என்று முழுக் குடும்பமும் இருக்கிறது. தேசிய காப்பகத்துக்கு எழுதும்போது, 1908 ஜூலைக்குப் பிந்திய பட்டா என்றால் அதிலுள்ள வரிசை எண் போதும்; அதற்கு முந்தியதென்றால் நில அலுவலகத்தின் பெயரையும் இறுதிச் சான்றிதழ் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.