சி எழுதிய எண்கள் ஹாஸ்கெலில் காணாமல் போவது ஏன்?

கேள்வி: எண்ணூரில் காற்றுத் தூசியை அளக்கும் கருவி வைத்திருக்கிறேன். அதன் சி மொழி லைப்ரரி, நான் கொடுக்கும் அர்ரேயில் 256 டபுள் எண்களை நிரப்பும். நிரப்ப சில வினாடி ஆகும். ஹாஸ்கெல் மொழியில் ஐஓயூஅர்ரேயின் (மாற்றி எழுதக்கூடிய அர்ரே) உள்ளிருக்கும் பைட்அர்ரேயை 'சேஃப்' அழைப்பில் (சி ஓடும்போது ஹாஸ்கெலும் ஓட விடும் அழைப்பு) நேரடியாகக் கொடுக்கிறேன். சில நேரம் எல்லாம் பூஜ்யம், சில நேரம் புரோகிராமே விழுந்துவிடுகிறது. 1000 எண் கேட்டால் மட்டும் ஒழுங்காக வருகிறது. என்ன தவறு? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: 1000-க்குச் சரியாக வருவதுதான் துப்பு. ஒரு டபுளுக்கு 8 பைட். 256-க்கு 2048, 1000-க்கு 8000. ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சியின் ஹீப் (புரோகிராமின் நினைவகம்) 4096 பைட் பிளாக்குகளால் ஆனது. ஒரு பிளாக்கில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மேல் போகும் அர்ரேயை கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தை மீட்கும் பகுதி) இடம் மாற்றாது. சின்னதை மாற்றிவிடும். சேஃப் அழைப்பு நடக்கும்போது வேறு த்ரெட் (இணையாக ஓடும் வேலை) ஓடலாம், கலெக்டரும் ஓடலாம். உங்கள் அர்ரே புது இடத்துக்குப் போய்விடுகிறது. சி பழைய முகவரியிலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. நம் தெருக்களில் பழைய எண், புதிய எண் இரண்டும் கதவில் இருக்கும், தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார். சி-க்கு அந்த வசதி இல்லை.

அழைப்பை 'அன்சேஃப்' என்று மாற்றினால் பிழை மறையும். ஆனால் இங்கே செய்யாதீர்கள். அந்தச் சில வினாடியும் கலெக்டர் காத்திருக்கும், அதற்காக மற்ற த்ரெட்களும் நிற்கும். சில மைக்ரோவினாடியில் முடியும் கணக்குகளுக்கே அது பொருந்தும்.

ஐஓயூஅர்ரேயை விட்டுவிட்டு, வெக்டர் பேக்கேஜின் ஸ்டோரபிள் மியூட்டபிள் வெக்டருக்கு மாறுங்கள். அதன் நினைவகம் நகராது. உறுப்பின் டைப் சிடபுள் (சி-யின் டபுளுக்கு ஹாஸ்கெலில் உள்ள பெயர்). லைப்ரரி ஃப்ளோட் எழுதுகிறது என்றால் சிஃப்ளோட். நீளத்தை சிஇன்ட்டாகவே அனுப்புங்கள், 64 பிட் கணினியில் ஹாஸ்கெலின் இன்ட் 64 பிட், சி-யின் இன்ட் 32. அழைப்பை, வெக்டரின் பாயின்டரை (நினைவக முகவரியை) தரும் 'அன்சேஃப்வித்' பிளாக்குக்குள் முழுதாக முடித்துவிடுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அழைப்பு சேஃபாகவே இருக்கலாம். பாயின்டரை ரிட்டர்ன் செய்து வெளியே கொண்டுவந்தால்தான் ஆபத்து: வெக்டரை வேறு யாரும் தொடவில்லை என்றால் அந்த நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடும்.

லைப்ரரி பாயின்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு பின்னணியில் எழுதும் ரகமா? அப்படியானால் மல்லாக்அர்ரேயில் இடம் எடுங்கள், நீங்களே 'ஃப்ரீ' சொல்லி விடுவிக்கும்வரை அது இருக்கும். முதலில் லைப்ரரியின் நிறுத்தும் ஃபங்ஷன், அதன் பிறகே ஃப்ரீ. இந்த வரிசை மாறவே கூடாது.

படித்த எண்களை மாறாத வெக்டராக்க 'அன்சேஃப்ஃப்ரீஸ்' வேண்டாம், அது நகலெடுக்காது, அதே இடத்தில் சி அடுத்த சுற்று எழுதினால் மாறாதது மாறிவிடும். சாதாரண 'ஃப்ரீஸ்' 2 கிலோபைட்டை நகலெடுக்கும், அந்தச் செலவு பொருட்டே இல்லை.

சோதிக்க: 'த்ரெடட்' கொடியோடு கம்பைல் செய்து, சி அழைப்பு ஓடும்போதே இன்னொரு த்ரெடில், கலெக்டரை ஓட வைக்கும் 'பெர்ஃபார்ம்ஜிசி'யைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள். பழைய கோடில் பிழை சீக்கிரமே கையில் அகப்படும். புதியதில் 256 எண்ணும் வர வேண்டும்.