கேளுங்கள் சொல்கிறோம்: வயிற்றுக் கிருமியின் புரதங்கள்

கேள்வி: வயிற்றுக் கிருமியான ஹெலிகோபாக்டர் பைலோரியின் கேக்-ஏ (CagA) புரதம் மனித செல்லின் ஷிப்-2 (SHP2) புரதத்தோடு சேரும் என்று படித்தேன். ஈஸ்ட் செல்லுக்குள் இரு புரதங்கள் சேர்கின்றனவா என்று சோதிக்கும் ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் முறையில் பார்த்தால் சேரவே இல்லை. எங்கே பிழை?
– முதுகலை மாணவி, கோவை

பதில்: உங்கள் கைவேலையில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. வழக்கமான ஈஸ்ட் டூ-ஹைப்ரிடில் இதைப் பார்க்க முடியாது. கேக்-ஏ இரைப்பை செல்லுக்குள் செலுத்தப்பட்ட பிறகு, அங்குள்ள சார்க் (Src), ஏபிஎல் (Abl) கைனேஸ்கள் (பாஸ்பேட் ஏற்றும் என்சைம்கள்) அதன் ‘எபியா’ (EPIYA) என்ற அமினோ அமில வரிசையிலுள்ள டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. ஷிப்-2 பிடிப்பது அந்தப் பாஸ்பேட் ஏறிய டைரோசினைத்தான். ஈஸ்டிலும் ஈ.கோலையிலும் சார்க் கிடையாது; அதனால் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

ஏஜிஎஸ் போன்ற இரைப்பை செல்களில் கேக்-ஏவை வெளிப்படுத்தி, இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தை, அதோடு ஒட்டியவற்றுடன் இழுத்தெடுப்பது) செய்யுங்கள். செல்லை உடைக்கும் பஃபரில் 1 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் செல்லின் பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். வனடேட் கரைசலை பிஹெச் 10க்குக் கொண்டுவந்து, மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் பிஹெச்சை மறுபடி 10க்குச் சரிசெய்யுங்கள். நிறம் திரும்பாதவரை இதையே தொடர வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. பஃபரில் இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்), டிடிடி (DTT) இருந்தாலும் வனடேட் வீணாகும். வலுவான சோப்புப்பொருளான எஸ்டிஎஸ் வேண்டாம், புரதங்களைப் பிரித்துவிடும். மென்மையான டிரைட்டான் 1 சதவீதம் போதும். டைரோசினை ஃபினைல்அலனினாக மாற்றிய கேக்-ஏவையும் கூடவே ஓட்டுங்கள். அதில் ஷிப்-2 வந்தால் உங்கள் பட்டையை நம்பக் கூடாது. கிருமி எந்த ஸ்ட்ரெய்ன் (உள்வகை) என்பதையும் பாருங்கள்: கிழக்காசிய ஸ்ட்ரெய்ன்களின் ‘எபியா-டி’ பகுதி, மேற்கத்திய ‘எபியா-சி’யைவிட ஷிப்-2வை உறுதியாகப் பிடிக்கும்.

2001இல் வெளியான இக்கிருமியின் புரத வரைபடமும் டூ-ஹைப்ரிட் முறையில் வந்ததுதான். 261 புரதங்களைத் தூண்டிலாகப் போட்டு 1,200க்கும் மேற்பட்ட பிணைப்புகளைக் கண்டார்கள். அவை கிருமியின் புரதங்கள் தமக்குள் சேர்வதைக் காட்டுபவை. மனித செல்லோடு சேர்வதை அதில் தேட வேண்டாம்.

கேள்வி: யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்சைமின் துணைப் புரதம் யூஆர்-ஈயில் (UreE) ஹிஸ்-டேக் (நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) போட்டு, பைலோரி சாற்றிலிருந்து நிக்கல் காலத்தில் (column) இழுத்தேன். எப்போதும் 7 கிலோடால்டனில் ஒரு பட்டை. காலமும் வெளுத்துவிட்டது.
– ஆய்வு மாணவர், சென்னை

பதில்: அந்தப் பட்டை பெரும்பாலும் ஹெச்பிஎன் (Hpn) என்ற பைலோரியின் சொந்தப் புரதம். அதன் 60 அமினோ அமிலங்களில் 28 ஹிஸ்டிடின்; டேக் இல்லாமலே நிக்கலில் ஒட்டும். கழுவும் பஃபரில், ஒட்டியதைக் கழற்றும் இமிடசோலை 20இலிருந்து 50 மில்லிமோலாருக்கு உயர்த்தினாலும் முழுதாகப் போகாது. ஸ்ட்ரெப் அல்லது ஃபிளாக் டேக்குக்கு மாறுவதே நல்ல வழி. ஹெச்பிஎன் மரபணு நீக்கிய ஸ்ட்ரெய்ன் கிடைத்தால் இன்னும் நல்லது.

வெளுத்ததற்கு, புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையிலிருக்கும் இடிடிஏயைச் சந்தேகியுங்கள். காலத்தின் நிக்கலை உரித்துவிடும். பெரிய நஷ்டம் வேறு: யூஆர்-ஈ, இன்னொரு துணைப் புரதமான யூஆர்-ஜியோடு (UreG) சேர்வதை உலோக அயனிகளே உறுதிப்படுத்துகின்றன. தேடுகிற பிணைப்பையே இடிடிஏ கலைத்துவிடும். இடிடிஏ இல்லாத மாத்திரை வாங்குங்கள்.

கேள்வி: யூரியா மூச்சுப் பரிசோதனைக்கு முன் அமிலக் குறைப்பு மாத்திரையை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: கிருமியின் யூரியேஸ், யூரியாவை உடைத்து அமோனியாவும் கரியமில வாயுவும் தருகிறது. அந்த வாயுவைத்தான் மூச்சில் அளக்கிறார்கள். யூரியா கிருமிக்குள் நுழையும் யூஆர்-ஐ (UreI) என்ற புரதக் கதவு அமிலத்தில்தான் திறக்கும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை அமிலத்தைக் குறைப்பதால் கதவு மூடிக்கொள்ளும், கிருமியின் எண்ணிக்கையும் குறையும். கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். இவற்றை 2 வாரம், ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் மருந்துகளை 4 வாரம் விட்டபின் பரிசோதனை செய்வது வழக்கம். ரத்தக்கசிவுள்ள அல்சர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சிகிச்சைக்குப் பின் கிருமி போய்விட்டதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை உதவாது. கிருமி போன பிறகும் ஆன்டிபாடி பல மாதங்கள் இருக்கும்.