ஆறரை மணிப் பால்

கேள்வி: எனக்கு வயது 26. அறுவை சிகிச்சையில் பிறந்த எங்கள் முதல் குழந்தைக்கு இன்றோடு 24 நாள். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள தாய்வீட்டில் இருக்கிறேன். கணவர் மதுரையில் தம் பெற்றோருடன் இருக்கிறார். ஞாயிறுதோறும் அத்தையை அழைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். பிறந்தபோது எடை 2.9 கிலோ, மருத்துவமனையிலிருந்து வரும்போது 2.7, பதினான்காம் நாள் 2.95, நேற்று 3.2. குழந்தை எப்போது குடிக்கிறான், எத்தனை நிமிடம் குடிக்கிறான் என்று ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். ஒரு நாளைக்குப் பத்து, பதினொரு முறை குடிக்கிறான். சில நேரம் 8 நிமிடம், சில நேரம் 40 நிமிடம். ஏழெட்டுத் துணி நனைக்கிறான். ஆனாலும் வயிறு நிறைகிறதா என்று தெரியவில்லை; இரவெல்லாம் விழித்துக்கொண்டு இணையத்தில் தேடுகிறேன். இப்போதெல்லாம் முன்புபோல மார்பு கனப்பதும் இல்லை. மாலை நேரத்தில் காம்பைப் பிடித்து உடனே உதறிவிட்டு அழுகிறான். (தினமும் 7 மணிக்கு அத்தை வீடியோ காலில் குழந்தையைப் பார்ப்பார். மருத்துவமனையில் இரண்டாம் நாளே எல்லார் முன்னிலையிலும் ‘உனக்குப் பால் இருக்கா, இல்லையா’ என்று கேட்டவர். அவர் பார்க்கும்போது அழக் கூடாதே என்று, பதினாறாம் நாளிலிருந்து 6.30 மணிக்கு 60 மில்லி பவுடர் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிடுகிறோம். கணவர்தான் வாங்கித் தந்தார். அது வேறு விஷயம்.) ஒரு வேளைக்கு எத்தனை மில்லி குடித்தால் போதும்? பால் பெருக நான் என்ன சாப்பிட வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் எண்களைப் பார்த்தேன், இரண்டாம் முறை அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கி வைத்ததைப் பார்த்தேன். கடிதத்தில் பதில் சொல்ல வேண்டிய இடம் அந்த அடைப்புக்குறிதான். அதை எழுதிவிட்டு, ‘அது வேறு விஷயம்’ என்று நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

எண்களை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அவற்றில் பேச அதிகம் இல்லை. மார்பில் அளவுக்கோடு கிடையாது. எத்தனை மில்லி குடித்தான் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அது தெரியாமலேதான் உலகத்தில் பிள்ளைகள் வளர்ந்திருக்கின்றன. எட்டு நிமிடத்தில் வயிறு நிறையக் குடிக்கும் குழந்தையும் உண்டு, நாற்பது நிமிடம் வாயில் வைத்துக்கொண்டு பாதி நேரம் தூங்கும் குழந்தையும் உண்டு; ஆகவே நிமிடக் கணக்குக்குப் பொருளே இல்லை. பொருள் உள்ள கணக்கு இரண்டுதான். ஒன்று, ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணிக்குக் குறையாமல், வெளிர் நிறமாகச் சிறுநீர் போக வேண்டும். இன்னொன்று எடை. பிறந்த சில நாளில் குழந்தை எடை இறங்கும். பத்தில் ஒரு பங்குக்குள் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை கூடினால் அது வளர்கிற குழந்தை. உங்கள் மகன் 200 கிராம் இறங்கினான், பதினான்காம் நாள் பிறந்த எடைக்கு மேல் 50 கிராம் ஏறி நின்றான். அந்த ஏற்றத்தில் பவுடர் டப்பாவுக்குப் பங்கு இல்லை, அப்போது அது வீட்டுக்குள்ளேயே வரவில்லை. அதாவது, பால் இருக்கிறதா என்ற கேள்விக்குத் தராசு பதில் சொல்லி முடித்த மறுநாளுக்கு மறுநாள் நீங்கள் டப்பாவைத் திறந்திருக்கிறீர்கள். பசிக்காக அதைத் திறக்கவில்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

இப்போது அந்த ஆறரை மணிக்கு வருவோம். இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது பால் கொடுப்பவளுக்கு உவமை அல்ல, நடப்பு. குழந்தை சப்பச் சப்ப மூளையிலிருந்து சுரப்புக்கான கட்டளை வருகிறது. மார்பில் பால் எடுக்கப்படாமல் தேங்கினால், அந்தத் தேக்கமே ‘போதும், நிறுத்து’ என்று சுரப்பிகளுக்குச் சொல்லிவிடுகிறது. பவுடர் பால் செரிக்கத் தாய்ப்பாலைவிட நேரம் பிடிக்கும். ஆகவே 60 மில்லி உள்ளே போன குழந்தை நீண்ட நேரம் அசையாமல் தூங்குகிறான். அவன் தூங்குகிற அந்த நேரம் எது என்று பார்த்தீர்களா? பெரும்பாலான கைக்குழந்தைகள் விடாமல் அடிக்கடி குடிப்பது மாலையில்தான்; ஐந்து மணியிலிருந்து ஒன்பது, பத்து மணி வரை, விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, அழுது அழுது குடிப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும் இந்த மாலை அழுகை ஆறு வாரம் வரை கூடிக்கொண்டேதான் போகும், பிறகு தானாக அடங்கும். குழந்தை மறுநாளைக்கான பாலை இப்படித்தான் கேட்டு வைக்கிறான். எட்டு நாளாக அவன் அதைக் கேட்கிற நேரம் பார்த்து நீங்கள் அவன் வாயை அடைத்துவிட்டு, பால் குறைந்துவிட்டதே என்று இரவெல்லாம் விழித்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

காம்பை உதறிவிட்டு அழுகிறான் என்கிறீர்கள். அந்த நோட்டை எடுத்து, அவன் உதறத் தொடங்கியது பதினாறாம் நாளுக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். புட்டியில் பால் தானாகக் கொட்டும்; மார்பில் அவன் சப்பி வரவழைக்க வேண்டும். வாசலில் குழாய் வந்த பிறகு கிணற்றடிக்குப் போகச் சொன்னால் யாருக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். மார்பு கனக்கவில்லை என்பதை மட்டும் டப்பாவின் மேல் போட மாட்டேன். முதல் வாரத்துக் கட்டும் கனமும் மூன்றாம் வாரத்தில் தளர்வது இயல்பு, அது பால் வற்றியதற்கு அடையாளமே இல்லை. ஆனால் நேற்றைய 3.2 கிலோவைப் பற்றி உங்களைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஒன்பது நாளில் 250 கிராம் என்பது நல்ல ஏற்றம். டப்பா இல்லாதிருந்தால் அந்த ஏற்றம் முழுவதும் உங்கள் பாலுக்கு உரியது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கலாம். இப்போது அதில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு டப்பாவுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. உங்களுக்காகப் பேச இருந்த ஒரே சாட்சியை நீங்களே கலைத்துவிட்டீர்கள்.

இத்தனையும் யாருக்காக? ஒரு கைபேசித் திரையில் ஐந்து நிமிடம் அமைதியான முகம் தெரிய வேண்டும் என்பதற்காக. குழந்தை அழுதால் அதைப் பால் இல்லாததற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. 1984இல் நான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது என்னிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். கேட்டவரின் கையில் சங்கும் சீனித் தண்ணீரும் தயாராக இருந்தன. அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் பால் இறங்காமல் இருப்பது சாதாரணம். மூன்றாம், நான்காம் நாள்தான் இறங்கும், சிலருக்கு அதற்கும் ஒரு நாள் கூடுதலாகும். அதுவரை ஊறுகிற சில சொட்டுச் சீம்பாலே, சின்னஞ்சிறு வயிறு உள்ள குழந்தைக்குப் போதும். அந்த நேரத்தில் பச்சை உடம்புக்காரியிடம், அதுவும் பார்க்க வந்தவர்கள் சூழ்ந்திருக்கையில், ‘பால் இருக்கா’ என்று உங்கள் அத்தை கேட்டது தவறு. இதை அவர் படித்தாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஒரு முறைதான் கேட்டார். நீங்கள் எட்டு மாலையாக அதற்குப் பொய்யான பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். திரையில் தெரிவது தாய்ப்பாலில் நிறைந்து உறங்கும் பேரன் என்று நினைத்து அந்த அம்மாள் படுக்கப் போகிறார். பிள்ளை பெற்று வளர்த்த ஒரு பெண்ணின் அனுபவம் உங்களுக்கு எங்கே உதவியிருக்குமோ, அந்த இடத்தில் அவரை ஏமாற்றி வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

தூங்க வைத்துவிடுகிறோம் என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். அடுப்படியில் வெந்நீர் வைத்து அந்தப் பாலைக் கலக்குவது உங்கள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். அவரிடம் இதைக் காட்டுங்கள். மகளின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அவர் நினைக்கிறார். சம்பந்தி வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, தாய்வீட்டில் இருக்கும்போதே மகளைப் பாலில்லாதவளாக ஆக்குகிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு அதிகக் கோபம் உங்கள் கணவர் மேல். மதுரையில் கடை ஏறி டப்பா வாங்கத் தெரிந்தவருக்கு, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தம் தாயிடம் ‘அம்மா, அவன் இப்போது பால் குடிக்கிறான், எட்டு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. (அவர் வாங்கிய டப்பாவின் மேலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று அச்சிட்டிருக்கும், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயம் அது. படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.) பேறுகாலத்துக்குப் பெண் தாய்வீடு போவதை நான் பழிக்க மாட்டேன், அந்த ஓய்வை வேறு எந்த வீடும் தராது. ஆனால் அந்த வழக்கத்துக்குள் ஒரு கேடும் ஒளிந்திருக்கிறது. பிள்ளையின் தகப்பன் மூன்று மாதம் விருந்தாளியாகிவிடுகிறான். வந்தால் காபி, போனால் பலகாரம். தகப்பன் விருந்தாளி அல்ல. அவர் சனிக்கிழமை இரவே வந்து தங்கட்டும், குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கட்டும், நனைத்த துணியை மாற்றட்டும், ஏழு மணிக்குக் கைபேசி ஒலித்தால் அவரே எடுத்துப் பேசட்டும். மனைவிக்கும் தாய்க்கும் நடுவில் நிற்பது அவருடைய கடமை. அதை 60 மில்லி பவுடர் பாலின் தலையில் கட்டக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக் காலையில் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ குழந்தை மருத்துவரிடமோ போய், டப்பாவைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தையை எடை போடுங்கள். நீங்கள் பால் கொடுப்பதை அவர் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். வாய் அகலத் திறந்து, காம்பை மட்டும் கவ்வாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கிறானா, முகவாய் மார்பில் ஒட்டுகிறதா என்பதை நோட்டில் எழுதிக் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால் பார்க்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும். அவர் சம்மதத்தோடு ஆறரை மணிப் புட்டியை நிறுத்திவிட்டு, மாலை முழுவதும் அவன் கேட்கும்போதெல்லாம் மார்பிலேயே விடுங்கள். மூன்று நான்கு நாள் கழித்து அதே தராசில் மறுபடியும் எடை பாருங்கள். எடை போதாது, மேற்பால் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் வெட்கப்படாமல் கொடுங்கள், பாலாடைக் கிண்ணத்தில், டப்பாவில் போட்டிருக்கும் அளவைக் குறைத்து நீர்க்கக் கலக்காமல், எல்லாரும் பார்க்கவே கொடுங்கள். பவுடர் பால் நஞ்சு என்று நான் சொல்லவே இல்லை. பசிக்காகக் கொடுத்தால் அது உணவு; பார்ப்பவருக்காகக் கொடுத்ததைத்தான் கண்டிக்கிறேன்.

இரவில் இணையத்தைத் தேடுவதை விடுங்கள். சுரப்பைத் தூண்டும் இயக்குநீர் இரவில்தான் அதிகம். அந்த நேரத்தில் கையில் குழந்தை இருக்கட்டும், கைபேசி வேண்டாம். என்ன சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு என்று உங்கள் அம்மா எதைச் செய்து போட்டாலும் வயிறாரச் சாப்பிடுங்கள், தாகத்துக்குத் தண்ணீரை மறுக்காதீர்கள். ஆனால் சப்பாத மார்பில் எந்தக் குழம்பும் பாலை வரவழைக்காது. இன்னொன்றும் உண்டு, அதில் விளையாட்டே கூடாது. துணி நனைப்பது ஆறுக்குக் கீழே குறைந்தாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளித்தாலோ, எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அந்த மணிநேரத்திலேயே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வரும் ஞாயிறு அத்தை வரும்போது குழந்தை விழித்திருக்கட்டும், பசித்திருக்கட்டும், அழவும் அழட்டும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாமல் ஆண்களை வெளித் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுங்கள். ‘சாயங்காலம் இப்படித்தான் உதறுகிறான் அத்தை, நான் பிடித்திருப்பது சரியா பாருங்கள்’ என்று கேளுங்கள். டப்பாவைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவர் திண்ணையில்தான் இருப்பார், உள்ளே கூப்பிடுங்கள். நிமிடம் குறிக்கும் நோட்டை மூடிவிட்டு, நனைத்த துணிகளை மட்டும் எண்ணுங்கள். அடுத்த எடை பார்த்த பிறகு எழுதுங்கள், இம்முறை அடைப்புக்குறி இல்லாமல்.