வீட்டில் எஸ்பிரெசோ மார்ட்டினி: போத்தலை விடக் கோப்பிதான் முக்கியம்

இந்தக் கிழமை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எஸ்பிரெசோ மார்ட்டினி, அதாவது வொட்காவையும் கோப்பி லிக்கரையும் (இனிப்பூட்டிய கோப்பி மது) கடும் கோப்பியோடு ஐஸில் குலுக்கும் பானம் பற்றித்தான். வொட்கா எது, லிக்கர் எது என்று கன பேர் கேட்டிருக்கிறீர்கள், கோப்பி எது என்று கேட்டவர் ஒருவர்தான். அதனால் பல பதில்களில் நான் கோப்பிக்கே திரும்பிப் போவேன்.

எஸ்பிரெசோ மெஷின் இல்லை அண்ணா. வேறு கோப்பியில் சரிவருமா? (வெள்ளவத்தை)

சரிவரும். அடுப்பில் வைக்கும் மொக்கா பொட் ஒன்று இருந்தால் தாராளமாகக் காணும். மெஷினில் தண்ணீர் 9 பார் அளவு அழுத்தத்தில் இறங்குகிறது, மொக்கா பொட்டில் 1 அல்லது 2 பார்தான், ஆனாலும் முதலில் ஏறி வரும் கறுத்த கோப்பி போதிய அளவு கனமாக இருக்கும், அதில் 30 மில்லி எடுங்கள், கடைசியில் சீறிக்கொண்டு வரும் வெளிறிய தண்ணியை விட்டுவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் இன்ஸ்டன்ட் கோப்பி 2 தேக்கரண்டியை 40 மில்லி வெந்நீரில் கரையுங்கள். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ருசி ஒரு படி குறையும்தான், ஆனால் நுரை நன்றாக வரும்.

ஒரு கிளாசுக்கு என் கணக்கு: வொட்கா 45 மில்லி, கோப்பி லிக்கர் 20, கோப்பி 30, சீனிப்பாகு 5 முதல் 10. பாகு என்றால் சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்தது. லிக்கரிலேயே இனிப்பு இருப்பதால் முதலில் 5 ஊற்றிப் பாருங்கள்.

நுரை வரவே இல்லை. வந்தாலும் ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறது. (தெஹிவளை)

அநேகமாக ஐஸ்தான் காரணம். கொழும்பு வெக்கையில் தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு மற்றச் சாமான்களைத் தேடப் போனால், திரும்பி வரும்போது கட்டிகளின் மேலெல்லாம் தண்ணி நிற்கும். அந்த ஐஸைப் போட்டுக் குலுக்கினால் பானம் குளிர முதலே நீர்த்துவிடும், நீர்த்த பானத்தில் நுரை தங்காது. எல்லாவற்றையும் அளந்து ஷேக்கருக்குள் ஊற்றிய பிறகுதான் பிரிட்ஜைத் திறக்க வேண்டும். ஷேக்கரில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ் நிற்கட்டும். நாலு கட்டி போட்டுக் குலுக்கினால் அது நாலும் உருகிப்போகும்.

அடுத்தது கோப்பியின் வயது. வறுத்த கொட்டைக்குள் கார்பனீரொட்சைட் அடைபட்டிருக்கும், நாள் போகப் போக அது வெளியேறிவிடும். வறுத்து ஒரு மாதத்துக்குள், அரைத்த உடனே வடித்த கோப்பியில் வாயுவும் எண்ணெயும் புரதமும் சேர்ந்து நுரையைப் பிடித்து வைக்கும். காலையில் வடித்துப் பிரிட்ஜில் வைத்த கோப்பியில் அந்தப் பிடிப்பு இராது. வடித்து ஒன்றிரண்டு நிமிஷம் ஆறவிட்டு ஊற்றுங்கள், அதற்கு மேல் வைக்காதீர்கள்.

பிறகு குலுக்கல். கை நோகும் அளவுக்கு 15 வினாடி, ஷேக்கரின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு ஐஸ் போய் மோத வேண்டும். நிறுத்தியதும் உடனே, முன்கூட்டியே பிரிட்ஜில் குளிரவைத்த கிளாசுக்குள் வடியுங்கள். ஷேக்கருக்குள் அரை நிமிஷம் நின்றாலே நுரை பிரியத் தொடங்கிவிடும்.

ஷேக்கர் இல்லாதவர்கள் இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் பிளாஸ்க் பாவிக்கலாம். ஜாம் போத்தல் வேண்டாம். சூடான கோப்பியும் ஐஸும் ஒன்றாகப் போய் ஒரு போத்தல் என் கையிலேயே வெடித்திருக்கிறது, உள்ளங்கையில் மூன்று தையல்.

எந்தக் கோப்பிக்கொட்டை வாங்குவது? வெளிநாட்டுப் பக்கெட்டுகள் நல்லவையா? (பம்பலப்பிட்டி)

இந்தக் கேள்விக்கு நன்றி. நுவரெலியாப் பக்கம் விளையும் அராபிக்கா இப்போது கொழும்பிலேயே வறுத்து விற்கப்படுகிறது. வறுத்த திகதி பக்கெட்டில் போட்டிருக்கும் கடையில் வாங்குங்கள். கப்பலில் வந்து ராக்கையில் ஆறு மாதம் இருந்த பக்கெட்டை விட இது எவ்வளவோ மேல். கொஞ்சம் கடும் வறுவலாகக் கேளுங்கள், மெல்லிய வறுவலின் புளிப்பு வொட்காவோடு ஒட்டாது.

இந்த நாட்டில் தேயிலைக்கு முன்னால் கோப்பிதான் இருந்தது. 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டு, அடுத்த இருபது வருஷத்துக்குள் அந்தத் தோட்டங்கள் அழிந்துபோயின. மலையகத்துக்கு நம் மக்களை முதலில் நடத்திக் கூட்டி வந்ததும் கோப்பித் தோட்டங்களுக்குத்தான். அந்த மலைகளில் இருந்து மறுபடி நல்ல கோப்பி வருகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

வொட்காவுக்குப் பதிலாகச் சாராயம் ஊற்றலாமா, அல்லது அது பிழையா? (கொட்டாஞ்சேனை)

ஊற்றுங்கள். இந்தப் பானத்தை 1980களில் லண்டன் சோஹோவில் டிக் பிராட்செல் என்பவர் உருவாக்கினார். முதலில் அதன் பெயர் வொட்கா எஸ்பிரெசோ, பிறகு 90களில் வேறு ஒரு பாரில் அவரே ஐஸ் மேல் ஊற்றி, ஃபார்மசூட்டிக்கல் ஸ்டிமுலன்ட் என்று இன்னொரு பெயரும் வைத்தார். அவரே இவ்வளவு மாற்றியிருக்கும்போது நாங்கள் தென்னஞ்சாராயத்துக்கு மாறுவதில் என்ன பிழை? வொட்காவுக்கு என்று சொந்த ருசி பெரிதாக இல்லை, மரத்தொட்டியில் முதிர்ந்த சாராயத்தில் கோப்பியோடு சேரும் ஒரு மென்மையான வாசம் உண்டு. கள்ளில் இருந்து மட்டும் வடித்ததா, வேறு ஸ்பிரிட் கலந்ததா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். சீனிப்பாகுக்குப் பதிலாகக் கித்துள் பாணி ஒரு தேக்கரண்டி ஊற்றினால் இன்னும் வடிவாக வரும். கலப்படப் பாணி வெறும் இனிப்புத்தான், அந்தப் புகை மணம் அதில் வராது.

கலுவா (கோப்பி லிக்கர்) விலை தாங்க முடியவில்லை. வீட்டில் செய்யலாமா? (மட்டக்குளி)

செய்யலாம். கடும் கோப்பி 250 மில்லி, பழுப்புச் சீனி 200 கிராம் இரண்டையும் சூட்டில் கரைத்து முற்றாக ஆறவிடுங்கள். சாராயமோ வொட்காவோ 350 மில்லி ஊற்றி, ஒரு வனிலாக் காயைக் கீறிப் போட்டு, இரண்டு கிழமை இருட்டில் வைத்து வடித்தால் முக்கால் லீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, ஏறக்குறைய 18 வீத மதுசாரத்தோடு கிடைக்கும். ஆறாமல் ஊற்றினால் மதுசாரம் ஆவியாகிவிடும்.

ஐரிஷ் கோப்பியில் கிரீம் கீழே போய்விடுகிறதே? (வெள்ளவத்தை)

பழ சாலட்டுக்கு ஊற்றும் டின் கிரீமைப் பாவித்திருப்பீர்கள். கொழுப்பு 35 வீதம் உள்ள விப்பிங் கிரீம் வேண்டும், குளிராக எடுத்து லேசாகத்தான் அடிக்க வேண்டும், ஊற்றக்கூடிய பதத்திலேயே நிற்கட்டும். கோப்பியில் இரண்டு தேக்கரண்டி சீனி கட்டாயம், சீனிதான் கோப்பியைக் கனமாக்கிக் கிரீமை மேலே நிறுத்துகிறது. சூடாக்கிய கிளாசில் 120 மில்லி கோப்பி, 40 மில்லி ஐரிஷ் விஸ்கி, அதன் மேல் கரண்டியின் முதுகில் படும்படி கிரீம். கலக்காமல், குளிர்ந்த கிரீமுக்குள்ளால் சூடான கோப்பியை இழுத்துக் குடியுங்கள்.

அம்மா ஊரில் இருந்து அனுப்பிய மல்லி, வேர்க்கொம்பு போட்ட கோப்பித்தூளில் மார்ட்டினி செய்யலாமா? (பம்பலப்பிட்டி)

குலுக்கும் பானத்துக்கு வேண்டாம் தங்கச்சி, தூளின் மண்டி நாக்கில் நிற்கும், மல்லி வாசம் லிக்கரோடு சண்டை பிடிக்கும். சூடாகச் செய்யுங்கள். துணியில் வடித்த அந்தக் கோப்பி 120 மில்லி, சாராயம் 40, கித்துள் பாணி இரண்டு தேக்கரண்டி. மழை இரவில் அதைக் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தத் தூளை நான் மார்ட்டினியை விட மேலாக மதிக்கிறேன்.

பத்துப் பேருக்கு எப்படி? (கொள்ளுப்பிட்டி)

மதுவையும் லிக்கரையும் பாகையும் காலையிலேயே ஒரு போத்தலில் கலந்து பிரிட்ஜில் வையுங்கள். கோப்பியை மட்டும் அவ்வப்போது வடித்து, இரண்டு கிளாஸ் அளவாகக் குலுக்குங்கள். விருந்து போயா நாளில் என்றால் முதல் நாளே வாங்கிவிடுங்கள், அன்று மதுக்கடைகள் பூட்டு. குடிக்காதவர்களுக்கு அதே கோப்பி 60 மில்லி, கித்துள் பாணி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அதே மாதிரிக் குலுக்கிக் கொடுத்தால் நுரை குறையாது.

கோப்பி இருப்பதால் வெறி ஏறாது என்கிறார்களே? (தெஹிவளை)

பொய். கஃபீன் தூக்கத்தை மறைக்கும், இரத்தத்தில் உள்ள மதுவைக் குறைக்காது. தெளிவாக இருப்பதாக நினைத்துக்கொண்டு வாகனச் சாவியைத் தொடாதீர்கள், ஓட்டோ பிடியுங்கள். கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் எடுக்கும் என்பதால், நான் இரவு 8 மணிக்குப் பிறகு இதைக் குடிப்பதில்லை, ஒருநாளும் இரண்டுக்கு மேல் போவதும் இல்லை.