மலிவு விலை மாணிக்கம்: வீட்டிலேயே எதைக் கண்டுபிடிக்கலாம்? (கேள்வி பதில்)

கேள்வி: 5 காரட் மாணிக்கத்தைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். ரசீதில் "இயற்கைக் கல்" என்று எழுதியிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: இயற்கைக் கல்லாகவே இருக்கலாம், ஆனால் அந்தச் சொல் பாதிச் செய்தியைத்தான் தருகிறது. விரிசல் நிறைந்த மட்டமான குருந்தக் கல்லில் (மாணிக்கமும் இந்தக் கனிமம்தான்) ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி, தெளிவான சிவப்புக் கல்லாக மாற்றும் முறை 2004 வாக்கில் சந்தையில் பரவியது. மடகாஸ்கர் கற்கள் பல இவ்வாறு நிரப்பப்பட்டன. அவ்வளவு பெரிய கல் அவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தால், முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

கேள்வி: அதை வீட்டில் எப்படிப் பார்ப்பது?

பதில்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் ஒரு சிறு டார்ச்சும் போதும். கல்லைத் துடைத்து, கறுப்புத் துணிக்கு மேலே பிடித்து, பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சி, மெதுவாகச் சாய்த்துக்கொண்டே பாருங்கள். கண்ணாடி நிரம்பிய விரிசலில், மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் போல, நீலமும் ஆரஞ்சும் சட்டென்று மின்னி மறையும். அதே விரிசலுக்குள் நசுங்கிய வட்டங்களாகக் காற்றுக் குமிழ்களும் தெரியும். அடுத்து, விளக்கொளி மேற்பட்டையில் பட்டுத் தெறிக்கும்படி பிடித்தால், கல்லின் பளபளப்புக்கு நடுவே மங்கலான கோடுகள் ஓடுவது தெரியும். விரிசல் வெளியே வந்து முடியும் இடங்கள் அவை. மூன்றும் சேர்ந்து தெரிந்தால் எனக்கு ஐயமே இருக்காது.

கேள்வி: எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் சோதிக்கலாம் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சாறு அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். வெளிறிய கோடுகளோடு திரும்பும் கல்லை அதன்பின் மீட்க முடியாது.

கேள்வி: வெறும் சூடு மட்டும் ஏற்றிய கல்லையும் இப்படிக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: உறுதியாக முடியாது. மியான்மரின் மோங் சூ மாணிக்கங்களில் நடுவே இருக்கும் நீலத்தை நீக்குவதற்காகவே சூடேற்றுகிறார்கள். 1990களிலிருந்து சந்தையில் புழங்கும் அந்த வகைக் கற்களில் சூடு படாதது அரிது. உள்ளே ஒரு சிறு படிகத்தைச் சுற்றித் தட்டு போன்ற விரிசல் விரிந்திருந்தால் சூட்டின் அடையாளமாக இருக்கலாம். முடிவு சொல்ல வேண்டியது ஆய்வகம்தான். விலை குறைந்த மாணிக்கத்தைச் சூடேற்றியது என்றே கருதி வாங்குங்கள். அது நிலைத்து நிற்கும் மாற்றம் என்பதால், அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

கேள்வி: எடையை வைத்துச் சோதிக்கலாமா?

பதில்: கல் மாணிக்க இனமா என்பதற்கு அது உதவும். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, எடையைப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய கல்லை அடியில் தொடாமல் மூழ்கவிடுங்கள். 5 காரட், அதாவது 1 கிராம் கல்லுக்கு ஏறத்தாழ 0.25 கிராம் காட்டினால் அடர்த்தி 4. ஆனால் செயற்கை மாணிக்கத்துக்கும் அதே அடர்த்திதான். அதனால் லென்ஸில் வளைந்த வரிகள் தெரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்; தெரிந்தால் அது செயற்கைக் கல்.

கேள்வி: நிரப்பிய கல் பதித்த மோதிரத்தை ஆசாரியிடம் அளவு மாற்றக் கொடுக்கலாமா?

பதில்: கல்லைக் கழற்றிய பிறகு மட்டும் கொடுங்கள். ஊதுகுழலின் சூட்டில் ஈயக் கண்ணாடி உருகி வெளியேறும். பிறகு முக்கும் திராவகம் மிச்சத்தை அரிக்கும். பற்றவைக்கும்போது இடும் வெங்காரம், எதுவும் நிரப்பாத நல்ல மாணிக்கத்தின் மேற்பரப்பையும் சூட்டில் கரைத்துவிடக்கூடியது. ஆகவே கல் எதுவானாலும், நெருப்பு பற்றுவதற்கு முன்பே ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.