ஜிசிஎஸ்இ கணிதத்தில் 5 என்றால் மோசமா?

"மகனுக்கு மாக் (மாதிரி) தேர்வில் கணிதத்தில் 5தான். திட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ-யில் தரம் 9-லிருந்து 1 வரை, 9தான் உச்சம். ('1 வாங்கிட்டான், முதல் ரேங்க்!' என்று லட்டு வாங்கிவிடாதீர்கள்.) 4 தேர்ச்சி, 5 வலுவான தேர்ச்சி. ஆங்கிலம், கணிதம் இரண்டில் எதில் 4-க்குக் கீழே போனாலும், 16 வயதுக்குப் பிறகு மேல்நிலைப் படிப்புக்குப் போன பிறகும் அதைத் தொடர்ந்து படிக்க வேண்டும்.

நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறொன்று: அவன் எழுதுவது ஃபவுண்டேஷனா (எளிய நிலைத் தாள்), ஹையரா (கடின நிலைத் தாள்)? ஃபவுண்டேஷன் தாளில் ஒரு மதிப்பெண்கூட விடாமல் எழுதினாலும் 5-க்கு மேல் கிடைக்காது. ஜிசிஎஸ்இ-க்கு அடுத்த படிப்பான ஏ-லெவலில் (நம்மூர் பிளஸ் டூ மாதிரி) கணிதம் எடுக்கப் பெரும்பாலும் 6, 7 என்று கேட்பார்கள். ஆக, ஃபவுண்டேஷனில் இருந்துகொண்டு இன்ஜினியரிங் கனவு என்றால் ஆசிரியரிடம் இப்போதே பேசுங்கள். கடைசி நேரத்தில் மாற்றுவது கஷ்டம்.

வீட்டில் உதவ உங்களுக்கு அல்ஜீப்ரா தெரிய வேண்டியதில்லை. ஏக்யூஏவா, எடெக்செலா, ஓசிஆரா, எந்தத் தேர்வு வாரியம் என்று கேளுங்கள். பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் அவர்கள் தளத்திலேயே இலவசம். ஞாயிறு காலையில் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து, போனை வாங்கி வைத்துக்கொண்டு 90 நிமிடம் உட்காரவையுங்கள். மொத்தம் உள்ள மூன்று கணிதத் தாள்களில் ஒன்றுக்குக் கால்குலேட்டர் கிடையாது, முதலில் அதையே கொடுங்கள்.